இடது பக்கத்து வடக்கு

கோரமண்டலில் குடியிருந்த ஆபிரகாமுக்குத் தங்கச் சுரங்கத்து டிராயிங் ஆபீஸில் இருபத்தோரு வருஷ வேலை. பூமிக்கடியில் எந்த லெவலின் சுரங்கப்பாதை எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவார். ஆளை இறக்கும் கேஜ் கூண்டில் ஏறி ஒருநாளும் கீழே போனதில்லை என்பது வேறு விஷயம். வெளுத்த சட்டை, காதில் பென்சில், நடையில் கொஞ்சம் தோரணை. "நம்ம கோடு பொய் சொல்லாது" என்று வாய்க்கு வாய் சொல்லுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பக்கத்துப் பேத்தமங்களாவிலிருந்து கிருஷ்ணம்மா அவரைத் தேடி வந்தார். முப்பது மாடு வைத்துப் பண்ணை நடத்துகிறவர். சுரங்கத் தொழிலாளர் கேம்புகளுக்குப் பால் அவர் பண்ணையிலிருந்துதான்.

"மாடுங்க சொகமா இருக்குதுங்க சார். நாங்கதான் அடுப்புப் புகையில கிடக்கறோம். புது மாதிரி ஒரு வீடு போட்டுக் குடுங்க. பண்ணையில இருக்கறதை வெச்சே நடக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை ஆபிரகாமுக்குப் பிடித்துவிட்டது. ஒரு மாதம் குனிந்த தலை நிமிராமல் வரைந்தார். அங்கேயே தோண்டிய மண்ணில் கல் அறுத்துச் சுவர். மாடியில் விழுகிற மழை தொட்டிக்கு. சாணக் குழியிலிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வாயு. கொட்டகை கழுவின தண்ணீர் தீவனப் புல்லுக்கு. மேற்கிலிருந்து வீசும் காற்றில் சாண வாடை வீட்டுக்குள் வரக் கூடாது. அதனால் கொட்டகை வடக்கே. படுத்தபடியே மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று கிருஷ்ணம்மா கேட்டதால் பெரிய ஜன்னல்களும் வடக்கே. மேற்கே வெயிலைத் தாங்க மொத்தமான சுவர்.

கட்டினவர் மேஸ்திரி மரியகுழந்தை. "ஒரு நடை வந்து பாருங்க சார்" என்று நாலு தடவை கூப்பிட்டார். "தாள்லயே எல்லாம் இருக்குது மேஸ்திரி, நான் எதுக்கு?" என்றுவிட்டார் ஆபிரகாம்.

புதுமனை புகுவிழா அன்று மத்தியானம் வெயில் சாய்ந்த பிறகுதான் போனார். பெரிய ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடிக்க அடிக்கச் சாண வாடை பாயசத்தில் வந்து இறங்கியது.

"இன்னா மேஸ்திரி, மாட்டை என் இலையிலயே கட்டிட்டியா?" என்றார் கிருஷ்ணம்மா. பந்தியே சிரித்தது.

மரியகுழந்தையின் முகம் செத்துவிட்டது. "தாளை நான்தான் தப்பாப் புடிச்சிட்டேன் போலம்மா. சார் தப்பு பண்ணுவாரா?"

சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தாளை ஆபிரகாம் பார்த்தார். ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. சுரங்கத்தில் தங்கம் ஓடுகிற பாறை வடக்கு தெற்காக மைல்கணக்கில் நீளம். அதனால் அவர்கள் ஆபீஸில் தாளைப் படுக்கப் போட்டு, வடக்கை இடது பக்கம் வைத்தே வரைவார்கள். வடக்கைக் காட்டும் அம்புக்குறி போடுவதில்லை, அங்கே தெரியாதவர் யார்? கைப்பழக்கத்தில் இந்த வீட்டையும் அப்படியே வரைந்திருந்தார். மேஸ்திரி ஊர் உலகத்தைப் போலத் தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று எடுத்துக்கொண்டார். இடது பக்கத்துக் கொட்டகையும் ஜன்னலும் மேற்கே போய்விட்டன.

"நான் சொல்றது சரிதானே சார்?" என்றார் மரியகுழந்தை மறுபடியும்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கழுவக்கூட நிற்காமல் பஸ் ஏறினார்.

பால்காரர் மூலமாகச் சேதி வந்தது. மரியகுழந்தை ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தனியாக வந்து, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே மறைப்புச் சுவர் எழுப்புகிறாராம். கூலி வேண்டாம் என்கிறாராம். மூன்று ஞாயிறு ஆபிரகாம் சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை விரித்தார்; பாடாமலே மூடினார். நாலாவது ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் பேத்தமங்களாவுக்குப் போனார்.

"மேஸ்திரி, கையை நிறுத்துங்க. தப்பு என்னுது. எங்க ஆபீஸ்ல வடக்கு இடது பக்கம். அப்படியே வரைஞ்சிட்டேன்."

பால் செம்போடு வந்த கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ ராமா! அப்போ சூரியன் உங்களுக்கு எந்தப் பக்கம் சார் முளைக்குது?"

மரியகுழந்தை சிரிக்கவில்லை. "எப்போ தெரிஞ்சுது சார்?"

"அன்னிக்கே."

"பந்தியிலயா?"

ஆபிரகாம் தலையாட்டினார்.

"தெரியாம வரைஞ்சது போவட்டும். தெரிஞ்சே தாளைச் சுருட்டிக்கினு போனீங்க பாருங்க..." முடிக்காமல் கரணையால் சாந்தைத் தள்ளினார்.

ஆபிரகாம் சட்டைக் கையை மடித்து ஏற்றிக்கொண்டு ஒரு மண்கல்லைத் தூக்கினார்.

"வேணாம் சார். செவுரு எப்படியும் வேணும், நானே முடிச்சிடறேன்."

"நானும் ஒரு கை..."

"கோணலாப் போயிடும் சார்."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஆபிரகாம் கல்லைக் கையில் ஏந்தியபடி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.