தலையாட்டலை நம்பி எழுதிய ஆறு பக்கம்: தம்பினிலிருந்து காஜா பெராங்குக்கு

மாணவர் தலைவர்களை மலாக்காவுக்கு அழைத்துப் போகிறோம், காஜா பெராங் பக்கம் போவது எப்படி, என்ன பார்க்கலாம் என்று இரண்டு ஆசிரியர்கள் இந்த வலைப்பதிவில் கேட்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் மாணவர் தலைவனாக அங்கே போனவன்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், ஒரு சனிக்கிழமை. ஆகவே கீழே வரும் கட்டணங்களை நம்பிக் காசு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மற்றதை நம்பலாம்.

ஏன் போனேன் என்று சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தம்பினில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் தலைமை மாணவர் தலைவன். பதவிக்கு வந்த கையோடு, மலாய், சீன, இந்திய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஒரு பொது விருந்து வைத்தேன். மலாய் மாணவர்கள் வீட்டிலிருந்து கோழிக்கறி வந்தது. சீன மாணவர்கள், பன்றிக் கொழுப்பில் வதக்கியதோ என்னவோ தெரியாத கடை மீ, அதாவது நூடுல்ஸ், கொண்டுவந்தார்கள். நாங்கள் காய்கறிக் குழம்பு. எல்லாப் பாத்திரத்தையும் வரிசையாக வைத்து, மேடையேறி, "ஒரே நாடு, ஒரே கரண்டி" என்று முழங்கி, நிஜமாகவே ஒரே ஒரு கரண்டியை நீட்டினேன். அது மீயில் புரண்டு, கோழியில் மூழ்கி, குழம்பில் குளித்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் எழுந்து போனார்கள். மலாய் மாணவர்கள் எதையும் தொடாமல் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் வெள்ளைக்காரர். பதினொரு வருடமாக அங்கே இருந்தவர், சீக்கிரம் ஊருக்குக் கப்பலேறப் போகிறவர். கூப்பிட்டு மூன்றே வாக்கியம் சொன்னார். காஜா பெராங்கில் ஒரு பள்ளி வருடா வருடம் பொது விருந்து நடத்துகிறது, ஒரு சண்டையும் இல்லை, போய்ப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டு வா. அறிக்கை சரியில்லை என்றால் விருந்தும் கிடையாது, உன் பேட்ஜும் கிடையாது. துணை மாணவர் தலைவன் ரஹீம் கூடப் போகட்டும். ரஹீம் மலாய்ப் பையன், அதிகம் பேசமாட்டான். எனக்கு அவனைப் பிடித்ததற்குக் காரணமே அதுதான், நான் பேச இடம் கிடைக்கும்.

காலை 7.30 பஸ். தம்பினிலிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல், ஆளுக்கு ஒரு வெள்ளி பத்துக் காசு. வழியெல்லாம் ரப்பர் மரங்கள், நடுநடுவே கம்பம் என்கிற மலாய்க் கிராமங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் புழுதி, உள்பக்கம் உட்கார்ந்தால் கோழிக் கூடை. நான் ஜன்னலோரத்தை எடுத்துக்கொண்டேன். 8.45க்கு இறங்கினோம்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீர் பத்துக் காசு. கடைக்காரர் பல தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற தமிழ் முஸ்லிம். வழி கேட்டேன்.

"காஜா பெராங்கா தம்பி? ஒன்றரை மைல் இருக்கும். பெச்சா ரிக்‌ஷாக்காரன் நாப்பது காசு கேப்பான், குடுத்துராதீங்க. நடந்தா அரை மணி நேரந்தான் லா. அங்க யாரப் பாக்கணும்?"

அந்தப் பள்ளியின் தலைமை மாணவர் தலைவன் பெயர் நாகப்பன் என்று சொன்னேன். நம்ம ஆள்தான், தமிழிலேயே பேசி எல்லா ரகசியத்தையும் வாங்கிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"செட்டிப் புள்ளையா? பேசுங்க, பேசுங்க. நல்லாப் பேசுங்க," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தபடி உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

நடந்தே போனோம். பள்ளி வாசலில் எங்களுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் நாகப்பன். நெற்றியில் விபூதி, சந்தனப்பொட்டு, என் அத்தை மகன் மாதிரியே இருந்தான். இன்னொருத்தி மே லிங், கையில் அட்டையும் பென்சிலும் வைத்திருந்த சீனப் பெண், விருந்துக்குப் பொறுப்பான மாணவர் தலைவி. வணக்கம் சொல்வதற்கு முன்பே ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீ எதைச் சாப்பிட மாட்டாய்?"

வந்த விருந்தாளியிடம் கேட்கிற முதல் கேள்வியா இது என்று எனக்கு எரிச்சல். பெருந்தன்மையாக, "எதுவானாலும் பரவாயில்லை," என்றேன்.

"அப்படி ஒரு பதில் என் பட்டியலில் இல்லை," என்றாள். பென்சிலைத் தாளில் வைத்தபடியே நின்றாள்.

சனிக்கிழமை கவிச்சி சாப்பிடுவதில்லை என்று முணுமுணுத்தேன். எழுதிக்கொண்டாள். ரஹீமைக் கேட்டாள். அவன் வாயைத் திறந்து கொஞ்ச நேரம் பேசினான். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் நாகப்பன்மேல்.

அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் தமிழில் பேட்டி எடுத்தேன். இந்துக்களுக்குத் தனிப் பந்தியா? தலையாட்டினான். எல்லாம் ஒரே சமையல்கூடமா? அதற்கும் தலையாட்டினான். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று யோசிக்காமல் இரண்டையும் எழுதினேன். சண்டை வந்தால் நீங்கள்தான் தீர்த்து வைப்பீர்களா? தலையாட்டல், ஆமா என்று எழுதினேன். நீங்களும் சைவம்தானே? அதற்கும் ஒரு தலையாட்டல். நடுநடுவே அவன் ஆங்கிலத்தில் எதையோ சொல்ல வந்தபோதெல்லாம், "நமக்குள் எதற்கு இங்கிலீஷ்?" என்று அடக்கிவிட்டேன். அவன் பெருமூச்சு விட்டான். என் கேள்வியின் ஆழத்தை நினைத்து விடுகிறான் என்று எண்ணிக்கொண்டேன். ஆறு பக்கம் நிரம்பியது.

12.30க்கு விருந்து. நீள மேசையில் எட்டுப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, ஒவ்வொரு கரண்டியும் அந்தந்தப் பாத்திரத்தின் காதில் சணலால் கட்டியிருந்தது. ஏன் என்று மே லிங்கைக் கேட்டேன். "கட்டாவிட்டால் ஊர் சுற்றும்," என்றாள். என் ஒரே கரண்டி நினைவுக்கு வந்தது. காய்கறிப் பாத்திரத்தின் பக்கத்தில் சைவம் சாப்பிடும் ஒரு மாணவி நின்றிருந்தாள். கோழியைக் கவனித்தவன் ஒரு மலாய்ப் பையன். எந்தப் பாத்திரம் கெட்டால் யார் பட்டினியோ, அவரே அதற்குக் காவல். என் தட்டு வந்ததும் அந்த மாணவி அட்டையில் பெயரைப் பார்த்துக் காய்கறி மட்டும் வைத்தாள்.

எதிரே நாகப்பன் உட்கார்ந்தான். தட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுது மணக்கும் மீன் குழம்பு, அதில் இரண்டு பெரிய துண்டுகள்.

"சைவம் என்று சொன்னீர்களே?" என்றேன்.

நாகப்பன் தலையாட்டினான்.

பக்கத்தில் இருந்த ரஹீமுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "அவனுக்குத் தமிழ் தெரியாது. மலாக்கா செட்டிகள் பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள், வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். காலையிலேயே என்னிடம் சொன்னான்."

"நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீ பேச்சை நிறுத்தினால்தானே."

என் கையில் இருந்த ஆறு பக்கத்தைப் பார்த்தேன். முழுக்க முழுக்க என் கேள்விகள், என் பதில்கள். அசடு வழிய நாகப்பன் பக்கம் திரும்பி, இந்த முறை ஆங்கிலத்தில், தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவன் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். "ஊருக்கு வருகிற தமிழர்கள் எல்லாரும் என் பெயரைக் கேட்டதும் தமிழில் ஆரம்பிப்பார்கள். தெரியாது என்றால் அரை மணி நேரம் திட்டுவார்கள். சாமி கும்பிடுகிறாய், தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறாய், பாஷை எங்கே என்பார்கள். தலையாட்டினால் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். நீதான் இரண்டு மணி நேரம் போகவே இல்லை."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? அதன்பின் முறையாகக் கேட்டேன். எப்படி இதைச் செய்கிறீர்கள்?

நாகப்பனும் மே லிங்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாசலிலேயே உனக்குச் செய்து காட்டினோமே," என்றாள் மே லிங். விருந்துக்கு முந்தின வாரம் மாணவர் தலைவர்கள் ஒவ்வொரு மாணவனையும் நேரில் பார்த்துக் கேட்பார்கள். பெயரை வைத்தோ முகத்தை வைத்தோ எழுதக் கூடாது. "அப்படி எழுதினால் நான் என்னவாவேன் பார்," என்று நாகப்பன் மீனைக் காட்டினான். அவ்வளவுதான் ரகசியம். அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டார்கள், என் நோட்டில் மட்டும் அது இல்லை.

மாலை 5.30 பஸ்ஸில் திரும்பினோம். ஆறு பக்கத்தையும் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தேன். ஆலோர் காஜா தாண்டியதும் ரஹீமிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நம் விருந்தன்று நீ என்ன சாப்பிட்டாய்?"

"ஒன்னும் சாப்பிடல. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னேன்."

"அப்புறம் ஏன் என் பேச்சுக்கு அவ்வளவு கைதட்டினாய்?"

"சீக்கிரம் முடியட்டும்னு."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. தினமும் பக்கத்தில் உட்காரும் நண்பன் பசியோடு எனக்குக் கைதட்டியிருக்கிறான். மிச்ச தூரத்துக்கு ஜன்னலோரத்தை அவனுக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேசையில் ஒரே ஒரு தாளை வைத்தேன். அதில் ஒரே ஒரு வரி: நீ எதைச் சாப்பிட மாட்டாய்?

"இருபத்து நான்கு மைல் போய் இதைத்தான் கொண்டுவந்தாயா?" என்றார்.

ஆமாம் என்றேன். எல்லாரையும் கேட்கப் போகிறோம், பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய மாட்டோம் என்றேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்ஜ் போயிற்று என்று நானே அதன் ஊசியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"தேங்காய்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தேங்காய் எனக்கு ஆகாது. பதினொரு வருடமாக ஒவ்வொரு விழாவிலும் தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப் பலகாரம், தேங்காய்ச் சட்னி. எல்லாரும் ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள். ஒருவரும் கேட்டதில்லை." தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக்கொள். ஊசியைக் குத்து."

பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது ரஹீம். விருந்தன்று மேடைப் பேச்சு கிடையாது, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முழம் சணல் உண்டு. ரஹீம் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். நான் எண்ணினேன்.

இனி, போகிறவர்களுக்கு. காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பண்டார் ஹிலிரில் கோட்டை வாசலைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் காஜா பெராங் வரை வாருங்கள், அங்கே செட்டிகளின் தெருவும் கோயில்களும் இருக்கின்றன. உங்கள் மாணவர் தலைவர்களிடம் நோட்டைக் கொடுத்து அனுப்பலாம், ஆனால் முதல் பக்கத்தில் கேள்வி மட்டும் இருக்கட்டும். அங்கே விபூதி பூசிய ஒருவர் நீங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அவர் நீங்கள் கிளம்பக் காத்திருக்கிறார். மலாயில் ஒரு வார்த்தை பேசி, சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். எனக்கு அது புரிய இரண்டு மணி நேரமும் ஆறு பக்கமும் ஆயின.