சுற்றினால் எழும்பும் கட்டில்

அந்த வருஷம் என் வீட்டுக்காரரால் மல்லாந்து படுக்க முடியாமல் போயிற்று. படுத்த அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குழியிலிருந்து தீ மாதிரி ஒன்று கிளம்பித் தொண்டை வரைக்கும் வரும். எழுந்து உட்காருவார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். பிறகு முன்னறையில் கிடந்த சாய்வு நாற்காலிக்குப் போய்விடுவார். விடிந்து பார்த்தால் தலை இடது தோளில் விழுந்து கிடக்கும். அந்தக் கழுத்தோடேயே வேலைக்கும் போவார். தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிற வேலை. தலையைச் சாய்த்தபடியே நின்றதால், மூட்டையில் அவருக்கு ஏதோ சந்தேகம் என்று நினைத்துச் சுமை தூக்குகிறவர்கள் வழக்கத்தைவிட ஒழுங்காக வேலை செய்தார்களாம். அந்த வியாதியால் வந்த லாபம் அது ஒன்றுதான்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லாத்தான் இருக்கு. வயித்துப் புளிப்பு மேல ஏறுது. தலைப்பக்கத்தை உயர்த்தி வச்சுப் படுங்க" என்றார்.

வீட்டிலிருந்த தலையணைகள் மூன்றையும் அவருக்கே கொடுத்தேன். பிள்ளைகள் இருவரும் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்ததால் கேட்க ஆளில்லை. படுக்கும்போது மகாராஜா மாதிரிதான் படுப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு தலையணை கீழே போகும், ஒன்று என் முகத்தில் வந்து விழும், மூன்றாவதை அவரே கட்டிப்பிடித்துக்கொள்வார். மறுபடியும் தொண்டையில் தீ.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் படம் வரைந்தார். இரண்டு சக்கரம், நாலு கால், நடுவில் மடங்கிய ஒரு கோடு.

"இது என்னது, வெட்டுக்கிளியா?" என்றேன்.

"கட்டில்ளா. கப்பல் கட்டில். கால்மாட்டுல கைப்பிடி இருக்கும். சுத்தினா தலைப்பக்கம் தானா எழும்பும். இன்னொரு கைப்பிடியைச் சுத்தினா முழங்கால் எழும்பும். நம்ம பழைய கப்பல் சாமான் கடையில வந்து இறங்கியிருக்கு."

"ஆஸ்பத்திரிக் கட்டிலையா வீட்டுக்குள்ள கொண்டாந்து போடணும்ங்கீங்க?"

"ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லளா. கப்பல்ல நோயாளியைப் படுக்க வைக்கிற கட்டில்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கொஞ்சம் யோசித்தார். "இது கடல்ல போயிருக்கு" என்றார்.

விலையைக் கேட்டேன். என் இரண்டு மாதச் சம்பளம். சாய்ந்து படுப்பதற்கு இவ்வளவா என்று நான் வாயைத் திறப்பதற்குள், "பாக்கதுக்கு என்ன காசா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே அந்தக் கடைக்குப் போனோம். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கப்பல்களில் கழித்துப் போடுகிறது எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வந்து சேரும். நைலான் கயிற்றுச் சுருள்கள், பித்தளை விளக்குகள், மிதவை வளையங்கள், விளிம்பில் நங்கூரம் போட்ட பீங்கான் தட்டுகள். கடைக்காரர் விளாத்திகுளம் பக்கத்து அண்ணாச்சி. நெற்றி நிறைய விபூதியும், எந்தச் சாமானைப் பற்றியும் ஒரு கதையும் எப்போதும் தயாராக வைத்திருப்பார்.

"வாங்க, டீச்சரம்மா. கட்டிலைப் பாத்தா போதாது. படுத்துப் பாக்கணும். அண்ணாச்சி, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க" என்று என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

இவருக்கு வெட்கம். நடுக்கடையில், தெருவைப் பார்த்துக்கொண்டு, பூசைக்குப் போட்ட வெள்ளை வேட்டி சட்டையோடு படுத்தார். அண்ணாச்சி கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். தலைப்பக்கம் முனகிக்கொண்டே எழும்பியது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ வாரமாகத் தூக்கம் பார்க்காத மனுஷர். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கும் அவரை எழுப்ப அவசரமில்லை. நான் காபி வேண்டாம் என்று சொல்லியும் வரவழைத்துக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். புன்னைக்காயலிலிருந்து ஒரு அம்மா கயிறு வாங்க வந்தார். படியேறியவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் அவர் பார்த்த திசையில் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில், இரண்டு பக்கமும், விற்பனைக்கு வைத்திருந்த ஆளுயரப் பித்தளை விளக்குத் தண்டுகள். நடுவில் வெள்ளை உடுப்பில் என் வீட்டுக்காரர், இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு. பக்கத்தில் தலையில் முக்காட்டோடு நான்.

அந்த அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் வந்து குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா தங்கச்சி, எப்பம் எடுக்காவ?" என்று கேட்டார்.

எனக்குக் காபி புரையேறிவிட்டது. நான் இருமியதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அவர் என் முதுகைத் தடவத் தொடங்கினார். "ஒறங்குதாவ அக்கா, ஒறங்குதாவ" என்று நான் சொன்னதை, "ஆமாளா, கர்த்தருக்குள்ள ஒறங்குதாவ" என்று ஆமோதித்தார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு பெரிய குறட்டை விட்டார். அந்த அம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டார்.

மதியம் ஒரு மணிக்கு விழித்தவர், சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "கட்டில் பரவாயில்லை" என்றார்.

"இதுக்கு மேல சர்ட்டிபிகேட் வேணுமா, டீச்சரம்மா?" என்றார் அண்ணாச்சி.

வேணும் என்றேன். ஒரே ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு நான் பாஸ் போடுவதில்லை. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறோம் என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் போன கட்டில் திரும்பி வந்ததே இல்லை என்று அவருக்கு நம்பிக்கை.

கைவண்டியில் கட்டில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததுதான் தாமதம், தெரு முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எட்டு ஆரஞ்சுப் பழமும் ஒரு சட்டி ஆட்டுக்கால் சூப்பும் வந்து சேர்ந்தன. யாருக்கு என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "தைரியமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். சூப்பை அவரே குடித்தார்.

ஒரு பழைய நோட்டை எடுத்து நாள் வாரியாகக் கோடு போட்டேன். தினமும் காலையில் எத்தனை தடவை விழித்தார், தீ வந்ததா, கழுத்து எப்படி என்று மூன்று கேள்வி கேட்டு, பத்துக்கு மார்க் போட வேண்டும் என்று ஏற்பாடு.

கட்டிலின் முதல் குறை அன்றைக்கே தெரிந்துபோயிற்று. கைப்பிடி இருப்பது கால்மாட்டில். படுத்திருப்பவருக்கு எட்டாது. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த நான்தான் எழுந்து சுற்ற வேண்டும்.

"ஏளா, ரெண்டு சுத்து மேல."

சுற்றுவேன்.

"கூடிப்போச்சு. பஸ்ல உக்காந்த மாதிரி இருக்கு. ஒண்ணரை கீழ."

"ஒண்ணரைக்கு எங்க போக? ஒண்ணு, இல்ல ரெண்டு."

தோணியில் பாய் ஏற்ற உத்தரவு போடுகிற மாதிரி மேல, கீழ என்று அவர் சொல்ல, நான் கைப்பிடியோடு மல்லுக்கட்டினேன். சரிவில் வழுக்கி வழுக்கி, விடியும்போது அவர் பாதம் இரண்டும் கால்மாட்டுக் கம்பிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஞாயிறு நாலு மார்க். திங்கள் மூன்று. செவ்வாய் மறுபடி நாலு, அதுவும் என் கஷ்டத்தைப் பார்த்துப் போட்ட மார்க் என்று நினைக்கிறேன். புதன்கிழமை ராத்திரி அவர் மறுபடியும் சாய்வு நாற்காலிக்கே போய்விட்டார்.

கடையில் கட்டை மாதிரித் தூங்கியவர் வீட்டில் ஏன் தூங்கவில்லை? வியாழக்கிழமை காற்று பலமாக இருந்ததால் தோணி எதுவும் கிளம்பவில்லை. ஐந்தரை மணிக்கே வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்று ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டார். அன்றைக்குக் கப்பல் கட்டிலில் படுத்தவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. ஒன்பது மார்க்.

நோட்டை எதிரில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் அவர் வேலை முடிந்து வர ஒன்பது ஆகும். புளி தூக்கலாகப் போட்ட மீன் குழம்பு, பொரித்த மீன் நாலு துண்டு, மேலே ஒரு கடுங்காபி, உடனே படுக்கை. கடைக்குப் போன அன்று பூசைக்காகச் சாப்பிடாமல் போனதால், கடையில் படுக்கும்போது ஒரு பருக்கைகூட வயிற்றில் இல்லை.

"இங்கேருங்க, தீயை நாமதான் தினமும் ஊதி விட்டிருக்கோம்" என்றேன்.

முதலில் மீனைச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். மீனை நிறுத்தச் சொல்லவில்லை, மத்தியானத்துக்கு மாற்றச் சொல்கிறேன் என்றதும் சமாதானமானார். வெள்ளிக்கிழமை தோணி ஆபீசுக்கே ஆறரை மணிக்கு ரசஞ்சோறு கொடுத்தனுப்பினேன். எங்கள் பழைய மரக்கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தேன். அவரை அதிலேயே படுக்கச் சொன்னேன். விடிந்த பிறகு நான்தான் உலுக்கி எழுப்பினேன்.

"எத்தனை மார்க்?"

"பத்து போட்டா உனக்குத் தலைக்கனம் வந்திரும். ஒம்பதரை."

ஆக, நாலு செங்கல்லில் தீர்ந்த காரியம். சனிக்கிழமை காலையில் கைவண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். கட்டிலைத் தூக்கலாமா என்று கேட்டார். "தூக்கும்" என்று என் வாயால் சொல்ல வேண்டியதுதான். சொல்ல வரவில்லை.

நோட்டில் எழுதாத ஒரு விஷயம் இருந்தது. நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்றே பாடம் நடத்தி, சாயங்காலமானால் என் கால் இரண்டும் வீங்கிக் கல்லாகிவிடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சும்மா என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று கதவைச் சாத்திவிட்டு, முழங்கால் கைப்பிடியைப் பதினோரு சுற்று சுற்றி ஏறிப் படுத்தேன். அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிச் சொல்ல? கால் என்னுடையதாகவே இல்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஒரு நாள் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக்கு எதற்கு என்று கேட்டவள் நான். எந்த முகத்தோடு வேண்டும் என்பேன்?

"என்னளா, தூக்கச் சொல்லவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தூக்கட்டும். நமக்கு எதுக்கு?" என்றேன். கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சிகிட்டச் சொல்லும். கட்டில் இங்கனயே இருக்கட்டும். சாயங்காலம் நான் வாரேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் வேண்டாமே!"

"எனக்கு வேண்டாம். தினமும் நான் வரும்போது முழங்கால் பக்கம் மலை மாதிரி எழும்பி நிக்கும். நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டதே கிடையாது. இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. வண்டிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்புவதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு ஆசை இருந்தது. இத்தனை கட்டில் சுமந்திருக்கிறேன், ஒன்றிலும் படுத்ததில்லை, ஒரு தரம் ஏறிப் பார்க்கவா என்று கேட்டார். தோள்துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். நான் தலையையும் என் வீட்டுக்காரர் காலையும் சுற்றினோம். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். "வேண்டாம் தாயி. இன்னும் கொஞ்சம் இருந்தா எந்திரிக்க மனசு வராது. பொழப்பு என்னாவது?" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஆறேழு வருஷம் அந்தக் கட்டில் நன்றாகவே உழைத்தது. பிறகு எங்கள் ஊர் உப்புக் காற்று அதன் திருகில் புகுந்துவிட்டது. ஒரு நாள் கைப்பிடி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்போது கட்டில் நின்றது முழங்கால் பதினோரு சுற்று உயரத்தில். மெக்கானிக்கைக் கூட்டி வரவா என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எதுக்கு? சரியாத்தானே நிக்கி" என்று சொல்லிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டேன்.