தூணுக்குப் பூ எவ்வளவு

கணித வரலாறுதான் என் தொழில் என்றால், மாம்பலத்தில் என் அக்கம்பக்கத்தார் உடனே கேட்பது: "அப்போ ப்ளஸ் டூவுக்கு ட்யூஷன் எடுப்பீங்களா?" இல்லை இல்லை என்று சொல்லியே வாய் வலித்துவிட்டது. பழைய ஓலைச்சுவடிகளில் உள்ள கணக்குகளைப் படித்து, அந்தக் காலத்தில் எப்படிப் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளம் சுமார், சந்தோஷம் ஏராளம்.

அதில் ஒரு கணக்கு என்னை ஆறு வருடம் படுத்தி எடுத்தது. ஒரு தூண். சுற்றளவு ஐந்து முழம், உயரம் பன்னிரண்டு முழம். அடியில் தொடங்கி ஒரே சுற்றில் உச்சியைத் தொடும்படி பூச்சுற்ற வேண்டும், பூ எவ்வளவு? தூணைக் காகிதம்போல் விரித்தால் சரம் மூலைக்கு மூலை போகும். பதின்மூன்று முழம். சுவடியிலோ இருபத்தாறு! எழுதியவர் கோட்டை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, என் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கத்துக்கு அவரைக் காய்ச்சி எடுத்திருந்தேன். எப்போதோ செத்துப்போனவர், எழுந்து வந்து சண்டையா போடப் போகிறார் என்ற தைரியம்.

புத்தகம் அச்சேறும் அன்றே அண்ணன் மகளுக்கு மயிலாப்பூரில் கல்யாணம். காலையில் காபி டம்ளரோடு மண்டபத்தில் நின்றிருந்தேன். பூ அலங்காரக்காரர் ஏணியில் ஏறித் தூணுக்குச் சாமந்திச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை வலப்பக்கமாகச் சுற்றி உச்சிவரை கொண்டுபோனார். பிறகு இன்னொன்றை எடுத்து, இடப்பக்கமாக, முதல் சரத்தின் மேல் குறுக்காக ஏற்றினார்.

"ஏங்க, ஒண்ணு போதாதா?"

"இன்னா மேடம் நீங்க! ஒத்தச் சரம் வழுக்கிக்கினு கீழ வந்துடும். எதிர்ப்பக்கமா இன்னொண்ணு போட்டாத்தான் புடிச்சிக்கினு நிக்கும். தூணுன்னாலே ரெண்டு சரம்தான்."

காபி புடவையில் கொட்டியது. பட்டுப்புடவை. போகட்டும்! இரண்டு பதின்மூன்று! எத்தனை சரம் என்று சுவடிக்காரர் எழுதவே இல்லை. தூணைப் பார்த்தவர்களுக்கு அதை எழுத வேண்டியதில்லை. ஆறு வருடம் காகிதத்தில் தூண் வரைந்த இந்த மேதை, ஒரு கல்யாணத்திலாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போன் போட்டேன். "நீங்க கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் மேடம். போன்ல சொன்னா எப்படி? அரை மணியில மெஷின்ல ஏறிடும், அதுக்குள்ள நேர்ல வந்து எழுதிக் கொடுங்க," என்றார் அச்சகக்காரர்.

மண்டப வாசலில் என் கணவர் வழிமறித்தார். "முகூர்த்த நேரத்துல எங்க ஓடற? அத்தை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவளுக்கு அட்சதை போட ஊரே வந்திருக்கு. அந்த மனுஷருக்கு என்னை விட்டா யார் இருக்கா?"

ஆட்டோவில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு முறை என்னைப் பார்த்தார்.

அச்சகத்தில் இன்னும் ஏற்றவில்லை. அப்பாடா! பன்னிரண்டு பக்கங்களையும் அடித்துவிட்டு, அங்கிருந்த மேசையிலேயே அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: கணக்கு சரி, விடை இருபத்தாறு, தூணை நான்தான் பார்க்கவில்லை. எழுதும்போது கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் ஒன்றிலும் நான் இல்லை. அண்ணன் மகள் இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் அந்தப் படங்களில் எல்லாம் மணமக்களுக்குப் பின்னால் தூண் நிற்கிறது, இரண்டு சரத்தோடு. பார்க்கும்போதெல்லாம் சுவடிக்காரரிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.