எருமையும் என் பார்வையும்

மலையே இல்லாத ஆவடியில் மவுண்டன் சைக்கிள் வாங்கிய புத்திசாலி நான். முன்சக்கரத்தையே பார்த்து, கல்லுக்குக் கல் ஒதுங்கி மெதுவாக ஓட்டுவேன். அன்று கோவில்பதாகை ஏரிக்கரைச் சரிவில் வேகமாக இறங்கும்போதும் அப்படியே குனிந்திருந்தேன். நிமிர்ந்தால், பாதிப் பாதையை அடைத்தபடி ஓர் எருமை! பயத்தில் அதையே வெறித்தேன். சைக்கிளும் நேராக அதனிடமே ஓடியது.

பின்னால் வந்த நண்பன் முரளி கத்தினான்: "மாமே, எருமைய இன்னாத்துக்கு சைட் அடிக்கிற? அந்தாண்ட வழியப் பாரு!"

பார்த்தேன். ஹேண்டில்பாரைத் திருப்பிய நினைவே இல்லை. கண் போன பக்கம் உடம்பு சாய்ந்து, சைக்கிளும் வளைந்து, எருமையின் வால் முடி என் முழங்காலில் உரசக் கடந்துவிட்டது! அந்தப் பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை. எருமைதான் கண்டுகொள்ளவே இல்லை.

இப்போதெல்லாம் வேகம் கூடினால், போக வேண்டிய வழியில் தூரமாகப் பார்வையை வைக்கிறேன். மிச்சத்தைச் சைக்கிள் பார்த்துக்கொள்கிறது.