பத்தாம் குழாயின் தண்ணீர்

தும்பாங் ராவாங் ஊரில் நிலத்தடித் தண்ணீருக்கென்று ஓர் அதிகாரி உண்டு. பெயர் லென்சி. ஆனால் இந்தோனேசியாவில், கலிமந்தானின் அந்த ஆற்றங்கரையில் பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. ஆகவே பிள்ளையின் பெயரைச் சேர்த்து ஊருக்கு அவள் மெராங் அம்மா, அவள் புருஷன் மெராங் அப்பா. நில மீட்புத் திட்ட அலுவலகத்துப் பதிவேட்டில் மட்டும் "கள அளவீட்டாளர் - 3". ஒன்றும் இரண்டும் யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அவள் குடும்பத்துக்கும் கால்வாய்க்கும் பழைய பந்தம். அவள் சிறுமியாக இருந்தபோது, மேலிடத்தில் யாருக்கோ அந்தச் சதுப்புக் காட்டில் நெல் விளையும் என்று தோன்றிவிட்டது. காட்டை வெட்டி, ஊருக்குப் பின்னால் கோடு போட்டாற்போலக் கால்வாய் தோண்டினார்கள். அவள் அப்பாவும் கூலிக்குத் தோண்டினார். நெல் வரவில்லை. தண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக வடிந்துபோனது.

அந்த ஊர் மண், நம் ஊர் மண் போல இல்லை. இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த கரிமண். ஈரம் இருக்கிறவரைக்கும் பஞ்சு, காய்ந்துவிட்டால் விறகு. மண்ணே தீப்பிடித்துப் பூமிக்கு அடியில் வாரக்கணக்கில் எரியும். வருஷா வருஷம் எரிந்தது. புகை கடல் தாண்டிப் போய் அடுத்த நாட்டுக்காரர்கள் இருமிய பிறகுதான் மேலிடத்துக்கு மூக்கு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. தோண்டிய கால்வாயை அடைத்துவிடுங்கள் என்றார்கள். இருபது வருஷம் கழித்து மகள் அதே கால்வாயில் கட்டை அடித்து, மண் மூட்டை அடுக்கித் தடுப்பணை கட்டினாள்.

"உங்கப்பனுக்குத் தோண்டக் கூலி, உனக்கு மூடக் கூலி. மெராங்குக்கு என்ன வேலை வச்சிருக்காங்களோ?" என்று மெராங் அப்பா அடிக்கடி விசாரிப்பான்.

அணையை அவள் நம்பினாள். இதைச் சொல்லியாக வேண்டும். நம்பித்தான் அணை கட்டிய அதே வருஷம், கால்வாயிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு ரப்பர் கன்றுகளை நட்டாள். ஒவ்வொன்றுக்கும் முழங்கால் அளவு சேற்றில் நடந்தாள். ஏழு வருஷம் கழித்து, இந்தக் கோடை முடிந்ததும் முதல் பால்வெட்டு. பட்டையைச் சீவுகிற கத்தியைக்கூட வாங்கித் தீட்டி, துணி சுற்றி வைத்தாயிற்று.

திட்டம் ஜெயித்ததா தோற்றதா என்று கண்டுபிடிக்க அலுவலகத்தில் வழி வைத்திருந்தார்கள். முதலில் காட்டு மரக் கன்றுகளை எண்ணினார்கள். பத்தாயிரம் கன்று, பெரிய வெற்றி. அவர்கள் எண்ணியது கன்று வந்த பிளாஸ்டிக் பைகளை. கன்றுகளைப் பின்னாளில் போய் எண்ண யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அடுத்து தண்ணீர். நிலத்தில் பத்து பிளாஸ்டிக் குழாய்களைக் கரிமண்ணைத் தாண்டிக் களிமண் வரைக்கும் இறக்கினார்கள். தரையிலிருந்து நாற்பது சென்டிமீட்டருக்குள் தண்ணீர் நின்றால் நிலம் பிழைத்தது. அதற்குக் கீழே போனால் ஆபத்து.

குழாய் நட வந்தவர்கள் பட்டணத்துக்காரர்கள், புது பூட்ஸ். உள்ளே நடந்தால் பூட்ஸ் கெட்டுவிடும். ஆகவே ஒன்பது குழாய்களையும் அணைக்குப் பக்கத்திலேயே, படகிலிருந்து இறங்கி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நட்டுவிட்டார்கள். அணைக்குப் பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? பத்தாவது குழாய் மிச்சமாகிவிட்டது. மெராங் அம்மா வேலையாட்களுக்குப் பொரித்த விராலும் மரவள்ளிக் கீரையும் போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அதைத் தன் ரப்பர் தோட்டத்தில் நடவைத்தாள். அந்த நிலத்தைப் பற்றி உண்மை பேசியது அந்த ஒரு குழாய்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அளப்பாள். கோடு போட்ட மெல்லிய ரப்பர் டியூபைக் குழாய்க்குள் இறக்கிக்கொண்டே ஊத வேண்டும். களகளவென்று சத்தம் வந்தால் தண்ணீர். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு, குழாயின் வாயிலிருந்து தரை எவ்வளவு, முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

"உங்க தாத்தா விஷ அம்பு வச்சு ஊதுகுழலை ஊதினா மான் விழும். நீ ஊதினா குமிழிதான் வருது," என்பான் மெராங் அப்பா.

"சும்மா நிக்காம இந்த நோட்டைப் பிடி."

நோட்டைப் பிடிக்க அவன் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல பாரமான ஆள். நின்றதும் கணக்கு எட்டு சென்டிமீட்டர் குறைந்தது. தள்ளிப் போகச் சொன்னாள், பழைய கணக்கே வந்தது. மறுபடி வரச் சொன்னாள், மறுபடி எட்டு. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இவன் மிதித்த மிதியில் தரைதான் கீழே இறங்கித் தண்ணீரைத் தேடிப் போகிறது என்று அவளுக்கு அப்போது விளங்கிற்று.

"மெராங் அப்பா, நாட்டுல உங்கள மாதிரி ஆளுங்களை வரிசையா நிக்க வச்சா அணையே வேணாம்," என்றாள். அன்றிலிருந்து இரண்டு மரக்கட்டைமேல் பலகை போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் அளப்பாள். அப்படி அளக்க அவளுக்கு எந்த அலுவலகமும் சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. ஜூலையில் பத்தாம் குழாய் ஐம்பத்தாறு காட்டியது. அதே சமயம் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆய்வுக் குழு வரும். பத்துக் குழாயும் நாற்பதுக்குள் இருந்தால் ஊர் வெற்றி பெற்ற ஊர், தீயணைக்கிற பம்பும் ஹோஸும் பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஒரு குழாய் தேறாவிட்டாலும் பம்ப் இங்கேயே இருக்கும், தோட்டத்துப் பக்கம் இரண்டாவது அணையும் வரும். மெராங் அம்மாவுக்கு நிம்மதி. பத்தாம் குழாய் தேறாது, பம்ப் போகாது.

ஊர்த் தலைவர் தெஹெனுக்குத்தான் தூக்கம் போயிற்று. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னொரு அணை வந்தா என்ன ஆகும் தெரியுமா? இப்பவே படகை ஒரு அணை மேல இழுத்துப் போட்டுட்டுப் போறோம். முதுகு யாருக்கு ஒடியுது?"

"முதுகு ஒடிஞ்சா தைலம் தடவலாம் மாமா. தோட்டம் எரிஞ்சா என்னத்தைத் தடவுறது?"

"வெற்றி பெற்ற ஊருன்னு போர்டு வைப்பாங்கடி!"

"போர்டு வந்து தீயை அணைக்குமா?"

ஒன்பது பேர் வந்தார்கள். தலைமை வார்சித்தோ என்ற அதிகாரி. நல்ல மனிதர், யாரையும் அதட்டாதவர், சொன்னதை எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததையே செய்கிறவர். படகை விட்டு இறங்கிய இடத்திலேயே ஒன்பது குழாயும் தேறின. பத்தாவதுக்கு வேர்வை வழிய நடந்து வந்து, குழாயைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கூட்டம் போல நெருக்கியடித்து நின்றார்கள். போட்டோவில் எல்லோரும் தெரிய வேண்டுமே.

"சார், தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க. இல்ல, இந்தப் பலகை மேலயாவது ஏறிக்கோங்க," என்றாள் மெராங் அம்மா.

"ஏம்மா, பாம்பு இருக்கா?"

"பாம்பு இல்ல சார். நீங்க இருக்கீங்க. ஒன்பது பேரும் சேந்து மண்ணை அமுக்குறீங்க. தண்ணி மேல வரல, தரை கீழ போகுது."

தெஹென் பதறிப் போனார். "ஏய் மெராங் அம்மா! வந்த விருந்தாளிங்களைக் குண்டுங்கிறியா?"

"உங்களையும் சேத்துத்தான் சொல்றேன் மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் தரை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். குழுவில் இளையவர் ஊதினார், களகளவென்றது. கணக்கு முப்பத்தெட்டு. கை தட்டினார்கள்.

அவள் நோட்டை நீட்டினாள். "போன வெள்ளிக்கிழமை ஐம்பத்தாறு சார். அதுக்கப்புறம் ஒரு சொட்டு மழை இல்ல. தண்ணி எங்கேருந்து வந்துச்சு? ஒருதடவை, ஒரே ஒருதடவை பலகை மேல நின்னு அளந்து பாருங்க."

வார்சித்தோ நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "தப்பா நினைக்காதம்மா. இது நீ ஒருத்தி தனியா அளந்தது. இது ஒன்பது பேர் சாட்சியா அளந்தது. மேல கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

அன்று அவளுக்கு வந்த கோபத்தில் அந்த ஒன்பது பேரையும் கால்வாயில் தள்ளியிருப்பாள். தள்ளவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பம்பைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த படகில் போர்டு வந்தது. ஆள் நீளத்துக்குத் தகர போர்டு, பச்சை எழுத்து: "வெற்றிகரமாக மீட்கப்பட்ட நிலம்". கடைசியாக அளந்த இடம் என்று ரப்பர் தோட்டத்திலேயே நட்டார்கள்.

செப்டம்பரில் தீ வந்தது. எங்கிருந்து யார் வைத்தது என்று தெரியவில்லை, தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. வேர் வழியாகப் புகை கசியும், பச்சை இலையோடு நிற்கிற மரம் திடீரென்று சாயும். மெராங் அம்மாவும் மெராங் அப்பாவும் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த கால்வாயிலிருந்து வாளியில் சுமந்தார்கள். தெஹெனும் வந்து சுமந்தார். அன்று அவர் முதுகைப் பற்றிப் பேசவில்லை. பம்பைக் கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போன் செய்தார். பம்ப் பத்திரமாக இருந்தது. அங்கேயும் எரிந்துகொண்டிருந்ததால் தர முடியாது என்றார்கள்.

ஆறு நாள் சுமந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் பதினேழு மரம் மிஞ்சியது. பத்தாம் குழாய் உருகிப் போனது, பலகை சாம்பலாகிவிட்டது. போர்டு மட்டும் கறுத்துக் கீழே சாய்ந்து கிடந்தது. பால்வெட்டுக் கத்தியை மெராங் அம்மா துணி பிரிக்காமலே பரணில் போட்டாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வார்சித்தோ போன் செய்தார். "கேள்விப்பட்டேன்மா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு சின்ன விஷயம். பத்தாம் குழாய்க்கு ரெண்டு மாசமா பதிவேட்டுல கட்டம் காலியா இருக்கு. புதுக் குழாய் அனுப்பியிருக்கேன், அதே இடத்துல நட்டு அளந்து அனுப்பிடும்மா."

அதே இடம் எங்கே இருக்கிறது? கருகி நின்ற ரப்பர் மரங்களின் வேர்கள் அவள் இடுப்புயரத்தில் அந்தரத்தில் தொங்கின. அந்த வேர் இருந்த உயரத்தில்தான் அவள் ஏழு வருஷம் நடந்த தரை இருந்தது. அவ்வளவு மண் எரிந்து போயிருந்தது. மெராங் அப்பாவும் அவளுமாகக் குழாயை இறக்கினார்கள். அவனைத் தூரப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, பலகை இல்லாததால் தகர போர்டை இழுத்து வந்து, இரண்டு கரிக்கட்டைமேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வழக்கமாகச் செய்கிற எதையும் அவள் விடவில்லை.

டியூபை அதிகம் இறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. வாய் வைத்து ஊதியதும் களகளத்தது. தண்ணீர் தரையோடு தரையாக நின்றது.

"எவ்வளவு?" என்று தூரத்திலிருந்து கேட்டான் மெராங் அப்பா.

"பூஜ்யம்."

எழுதி, போட்டோ எடுத்து, போனில் அனுப்பினாள். அரை நிமிஷத்தில் பதில் வந்தது, மூன்று கட்டைவிரல் படத்தோடு: "அருமை! திட்டம் ஆரம்பித்ததிலிருந்து பத்துக் குழாயிலும் இதுதான் சிறந்த அளவு. வாழ்த்துகள்!"

"என்னவாம்?"

அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"நம்ம தோட்டம் முதலிடமாம். இந்தத் தடவை யாரும் மிதிக்கக்கூட இல்ல, மெராங் அப்பா."