பொலிஸ் நிலையத்துக்குப் பின்வீடு

வீடு விற்றுப் பிழைக்கிறவர்களே, நம் தொழிலில் வீட்டை விற்பது லேசு, அதன் அக்கம்பக்கத்தை விற்கத்தான் உயிர் போகும். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள மேரி அன்ரியின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்க்காரி. கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். அஜக்ஸில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கமுன் அங்கே போய்ச் சேர வேண்டுமென்று தவிக்கிறார். வீட்டில் ஒரு குறையுமில்லை, பின்வேலிக்கு அப்பால் பொலிஸ் நிலையம் இருப்பதைத் தவிர.

யாமென்

முதலில் வீடு பார்க்க வந்த சீனப் பெரியவர் வேலியைக் கண்டதும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அரசர் காலத்தில் அவர்கள் நாட்டில் யாமென் என்றொரு அரசாங்கக் கச்சேரி இருந்ததாம். வரி, வழக்கு, சிறை, பிரம்படி எல்லாம் ஒரே வளவுக்குள். பக்கத்தில் குடியிருந்தால் அடிபட்டவர்களின் ஓலம் வீட்டுக்குள் இறங்கிவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, இது கனடா. உங்கள் அரசர் எப்போதோ போய்விட்டார்" என்றேன்.

"அரசர்தான் போனார், கச்சேரி போகவில்லையே!"

நம்மவர்

அடுத்து, டோர்செட் பார்க் அடுக்குமாடியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. யாமென் கதையைக் கேட்டு, "உவங்களுக்கு விசர்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் சைரன் அலறியது. சிரிப்பு நின்றுவிட்டது. பனியில் புதைந்த காரைத் தள்ளிவிடுகிற பொலிஸ் இது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே!

"ஊரில ஆமிக் காம்புக்குப் பக்கத்தில இருந்தனாங்கள், தம்பி. எங்களுக்கு ஒரு சீனனும் சொல்லித்தரத் தேவையில்லை."

மேலாளர்

எங்கள் மேலாளர் வேலி தெரியாமல் படம் எடுக்கச் சொன்னார். விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று போடவும் சொன்னார். அந்தப் பொய்யை என் பெயரில் போட மாட்டேன் என்று கத்தினேன். அவருக்கு வெட்கமே இல்லை.

"உண்மையைச் சொல்லி வீடு வித்தவன் ஆராவது இருக்கிறானோ?"

பின்கதவு

கடைசியாக, சின்ன மகளோடு தனியே வந்த ஒரு சீனப் பெண். அவருக்கும் யாமென் கதை தெரிந்திருந்தது. போச்சுடா என்று நினைத்தேன். "பின்னால் பொலிஸ் இருப்பது தெரிந்தும் ஏன் இங்கே வாங்கினீர்கள்?" என்று அன்ரியிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"என்ர மனுசன் எனக்கு அடிக்கிறவர், தம்பி. இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகு ஒருநாளும் கை வைக்கேல்லை. பின்கதவைத் திறந்தால் பொலிஸ் எல்லோ."

இத்தனை வருடமும் ஊருக்கே நல்ல மனிதராகத் திரிந்தவர் அவர். அன்ரி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் சமையலறையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பின்கதவைத் திறந்து, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானா என்று பார்த்தார்.

"எப்போது குடிவரலாம்?"

வீட்டுக்கு இத்தனை அக்கம்பக்கம் பார்க்கிற நாம் மாப்பிள்ளைக்கும் அதில் பாதி பார்த்திருந்தால், இந்த வீடு எனக்கு விற்கவே கிடைத்திராது.