பட்டாணிக்குப் பிறகு சிலேட்டு

பேத்தி அமுக்கிய பட்டாணிக் காய் ‘டப்’பென்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் மலைமேல் இருந்த எங்கள் கிளாவரைப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் டீச்சர் உடனே சிலேட்டைத் தரமாட்டார். எங்கள் முன் பட்டாணிக் காயைக் கொட்டுவார். காட்டில் நாள் முழுக்கப் பட்டாணி பறிக்கும் அம்மா ஒருநாள் அதைப் பார்த்துக் கொதித்துவிட்டாள்.

“இந்தச் சோலி எம்மவளுக்கும் வேணாம்னுதான டீச்சர் இங்க அனுப்புறேன்?”

“குளிர்ல விரலு வெறச்சுக் கெடக்கும்மா. காய உரிச்சு விரல் இளகட்டும், குச்சி கையில நிக்கும். இருந்து பாருங்க.”

அம்மா வாசலிலேயே நின்றாள். உரித்து முடித்துக் குச்சியைப் பிடித்தேன். கோணலாக ஒரு ‘ட’ விழுந்தது.

மறுநாள் அம்மா மடி நிறையக் காயோடு வந்து எங்கள் நடுவில் கொட்டினாள்.

“வெரசா உரிங்க. எழுதணும்ல?”

இன்னும் ஒரு கை காயைப் பேத்தி மடியில் போட்டேன். நாளை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள்.